கங்காணி போனுக்கு ஐந்து எச்சரிக்கை

ரூட் செய்வது என்பது, போனை வாங்கியவருக்கே அந்தப் போனில் முழு அதிகாரம் வாங்கிக் கொடுக்கிற தொழில். அதன் பிறகு கம்பெனி அப்டேட் அனுப்பும்போதெல்லாம் போனுக்கு முன்னால் எங்களுக்குத்தான் காய்ச்சல் வரும். அடுத்தவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் கம்பெனிப் பெயர் வந்து மறைந்து, மறுபடி வந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நமக்குள் பேச நிறைய இருக்கிறது.

நான் படித்தது புவியியல். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் என்ன படித்திருந்தாலும் அது போனைப் பற்றித்தான் இருக்கும் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். தோட்ட ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, காலியாகும்வரை இருக்கலாம் என்று பக்கத்து மலை நகரமான பிரிஞ்சாங்கில் சேகர் அண்ணனின் போன் கடையில் சேர்ந்தேன். அம்மா முப்பது வருடமாகக் கொழுந்து வெட்டும் தோட்டம் அது. ஆபீஸ் வாசலில் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எனக்குக் கவலைகள் பல உண்டு. அந்த நாற்காலி வாய்ப்பு என்னால் கெட்டுப்போய்விடக் கூடாது என்பது முதல் கவலை.

கையெழுத்து

முதல் வாடிக்கையாளர், அம்மா வேலை செய்யும் கும்பலுக்கு மேற்பார்வை பார்க்கும் கங்காணி. அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனில் இடமே இல்லை. கம்பெனியே போட்டுக் கொடுத்த பந்து விளையாட்டு ஒன்று, கடை ஒன்று, வானிலை சொல்வது மூன்று. எதையும் அழிக்க முடியாது. "மழை பேயுதான்னு தெரிஞ்சுக்க எனக்கு மூணு ஆப்பு எதுக்கு பாப்பா? தலைய வெளிய நீட்டினா தெரியாதா?" என்றார். ரூட் செய்தால் அழித்துவிடலாம் என்றேன். சொன்ன உடனே பயம் வந்துவிட்டது. ஒரு தாளை எடுத்து எச்சரிக்கைகளை எழுதினேன். ஒன்று, வாரண்டி போய்விடும். இரண்டு, பேங்க் ஆப் திறக்காமல் போகலாம். மூன்று, அப்டேட் வந்தால் அமுக்கக் கூடாது, அமுக்கினால் போன் நின்றுவிடலாம். நான்கு, உள்ளே இருப்பதெல்லாம் ஒருநாள் அழிய நேரிடலாம். ஐந்து, ஏதாவது ஆனால் என்ன செய்வதென்று எனக்கே தெரியாமல் போகலாம்.

ஐந்தையும் சத்தமாகப் படித்தேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கையெழுத்துப் போட்டார். ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவும் நடக்கும்னு தெரிஞ்சே செய்றியே, எனக்கு மேல உனக்குத்தான் தைரியம் பாப்பா."

சந்தனம்

கங்காணி போனில் மூன்று வானிலையும் ஒழிந்த செய்தி மலை முழுவதும் பரவியது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் லோரி ஓட்டும் மணியம் அண்ணன் வந்தார். அவர் போனும் நல்லபடி முடிந்தது. ஒரு மாதம் கழித்து அதே போனோடு வந்து நின்றார். எத்தனை முறை திறந்தாலும் கறுப்புத் திரை. அதில் வயிறு திறந்து மல்லாந்து கிடக்கும் குட்டிப் பொம்மை. பழுது பார்க்கும் பகுதிக்குள் போன் தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். என் கை வேலைதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். ஏற்றிய ஒவ்வொரு முறையும் பொம்மை மறுபடி மல்லாந்தது. மணியம் அண்ணன் எதிரில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டு, "பரவால்ல, பரவால்ல லா" என்று சொல்லிச் சொல்லி என்னை இன்னும் பயமுறுத்தினார்.

கடைசியில் போனைத் துடைக்கலாம் என்று எடுத்தபோதுதான் பார்த்தேன். சத்தம் குறைக்கிற பொத்தான் உள்ளே அழுந்தி, சுற்றிலும் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அந்தப் பொத்தானை அமுக்கியபடி திறந்தால் போன் நேராகப் பழுதுப் பகுதிக்குத்தான் போகும். ஆயுத பூஜைக்கு லோரியோடு சேர்த்துப் போனுக்கும் நாலு பக்கமும் சந்தனம் வைத்திருக்கிறார். பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். அரை நிமிடத்தில் போன் எழுந்தது. சந்தனம்தான் காரணம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது: "லோரிக்கும் இதே சந்தனந்தான் வச்சேன், அது நல்லாத்தானே ஓடுது?"

"பிறகு"

இரவுச் சந்தையில் பூக்கடை போடும் சரசக்காவின் போனையும் ரூட் செய்துவிட்டு, அவரிடம் நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். தினமும் அப்டேட் வேண்டுமா என்று போன் கேட்கும். "இப்போது", "பிறகு" என்று இரண்டு பொத்தான் வரும். "பிறகு" என்பதை மட்டும் அமுக்குங்கள். நாலு மாதம் தவறாமல் அமுக்கினார். காலையில் சாமிக்கு விளக்கு, அடுத்தது போனுக்கு "பிறகு".

நடுவில் மகள் பிரசவத்துக்காக ஈப்போ போக வேண்டியிருந்தது. ஈப்போவில் லைன் பலமாக இருக்கும், அப்டேட் தானாக இறங்கிவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். மலையில் லைன் மோசம் என்பதால் போன் இங்கே பத்திரமாம். பக்கத்து வீட்டு லெச்சுமியிடம் சாவியைக் கொடுத்து, பத்து நாளும் காலையில் போய் "பிறகு" அமுக்கச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு வலி வந்த நேரத்தில் எல்லாரும் இவரைத் தேட, இவரோ மருமகன் போனிலிருந்து லெச்சுமியை அழைத்து, "அமுக்கிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதைக் கேட்டு எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் அப்டேட் கேட்பதையே நிறுத்திவைக்கும் வழி ஒன்று உண்டு. அதை நான் அன்றைக்குச் செய்ய மறந்திருந்தேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்திக் கொடுத்தேன். அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: "இனிமே காலைல எந்திரிச்சு நான் என்னத்த அமுக்குறது?"

சொந்தப் போன்

கங்காணி மாமா மறுபடி வந்தார். பேங்க் ஆப் திறக்கவில்லை. இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல என்று எழுதிக் காட்டியது. இரண்டாவது எச்சரிக்கையை ஞாபகப்படுத்தினேன். "ஞாபகம் இருக்கு" என்று சட்டைப் பையைத் தட்டினார். ஆனால் ஏன் என்று தெரிய வேண்டும் என்றார்.

போனில் முழு அதிகாரமும் சொந்தக்காரர் கையில் இருப்பதால் பேங்குக்குப் பயம் என்று விளக்கினேன். சொல்லும்போதே எனக்கு அது விளக்கமாகத் தெரியவில்லை. குறிப்பிட்ட ஆப் ஒன்றின் கண்ணுக்கு மட்டும் ரூட்டை மறைத்துவைக்கலாம். சேகர் அண்ணன் உள்ளிருந்தே "மறைச்சு விட்டுரு" என்று கத்தினார். எனக்கு மனசில்லை. மாமாவும் வேண்டாம் என்றார். பேங்குக்கு நேரிலேயே போய்க்கொள்வாராம். வாசல்வரை போனவர் நின்றார்: "லயத்து வீடு எஸ்டேட்டோடது, மோட்டார் சைக்கிள் மச்சானோடது, இந்தப் போன் ஒன்னுதான் முழுசா என்னுதுன்னு இருந்தேன், அதையும் பேங்க் ஒத்துக்க மாட்டேங்குது பாரு."

பெரட்டு

காலையில் வேலைக்கு ஆள் எண்ணுவதை எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்போம். அதற்கு ஆபீஸ் புது ஆப் ஒன்று கொண்டுவந்தது. கங்காணி தன் போனில் ஒவ்வொருவர் முகத்தையும் படம் பிடிக்க வேண்டும். மலைச்சரிவில் லைன் கிடையாது என்பதால் படங்கள் போனுக்குள்ளேயே இருக்கும். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனதும் அங்கே உள்ள லைனில் ஏறும். ரூட் செய்த போனில் இந்த ஆப்பும் திறக்காது. மாமா கடைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "புதுப் போன் கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா உன் பேரு வரும். அந்த மறைக்கிற வேலையச் செஞ்சு விடு பாப்பா." என் பேர் என்றதும் எனக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. பேங்குக்குச் செய்யாத வேலையை எனக்காகச் செய்தேன். அடுத்த வாரமே ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கிராணி வேலைக்கு நேர்முகம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே அம்மா அழைத்தார். பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். பனியில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். மாமா கையில் போன். திரையில் கம்பெனிப் பெயர் வந்தது, மறைந்தது, வந்தது. "அமுக்கினீங்களா மாமா?" என்றேன். "மரியாதையா கேட்டுச்சு. நாப்பது நாளா வேணாம்னு சொல்லிட்டேன். பாவமா இருந்துச்சு" என்றார். அந்தக் கேள்வியை அவர் போனிலும் நிறுத்திவைக்க நான் மறந்திருந்தேன். பெயர் வரும்போதெல்லாம் ஆப் திறந்துவிடும் என்று நினைத்து வரிசை முழுவதும் நிமிர்ந்து நின்று தலையைச் சரிசெய்தது. மறைந்ததும் தளர்ந்தது. இப்படியே பத்துத் தடவை. பிறகு மாமா உரச்சாக்கைக் கிழித்து, பேனாவால் இருபத்திரண்டு பெயரையும் எழுதினார். இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் வந்ததற்கான சாட்சி போனுக்குள் அல்லவா இருக்கிறது? கம்பெனி முறைப்படி சரிசெய்தால் எல்லாம் அழிந்துவிடும். அழிக்காமல் சரிசெய்ய முடியுமா என்று மாமா கேட்டார். தெரியவில்லை என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. போனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, எங்கள் தோட்டத்திலேயே தமிழ் கற்றுக்கொண்ட பங்களாதேஷ் தம்பி ரபிக் பின்னாலேயே ஓடி வந்தான்: "அக்கா, மூணு நாளா என் மூஞ்சி அதுக்குள்ளதான் இருக்கு, பத்திரமா வெளிய எடுத்துருங்க!"

நாற்காலி

போன் துவங்குவதற்கான சின்னப் பகுதி ஒன்று உண்டு. புது அப்டேட்டுக்குப் பொருத்தமான அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் மற்றது அழியாமல் எழலாம் என்று படித்திருந்தேன். மழையில் லைன் திணறி அது வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. நாலாவது முயற்சியில் போன் எழுந்தது. ரபிக் முகமும் அம்மா முகமும் இருபது பேர் முகமும் அப்படியே இருந்தன. ஆப் திறக்க மறுபடி மறைத்துவைக்க வேண்டியிருந்தது. இதுதான் கடைசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாமாவும் நானும் ஒன்றாக ஆபீஸ் போனோம். படங்கள் எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜரை நாங்கள் இன்றும் துரை என்றுதான் சொல்வோம். இவர் கோலாலம்பூரிலிருந்து வந்த இளம் தமிழர். இரண்டு குளிர்ச்சட்டை போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். "புது ஆப் கும்பல்ல எப்படிப் போகுது? கேள்விப்பட்டீங்களா?" என்று சும்மாதான் கேட்டார். "நல்லாப் போகுது" என்று சொல்லியிருக்கலாம். முழுவதையும் சொல்லிவிட்டேன். ரூட் செய்தது நான், மறைத்தது நான், இரண்டு முறை மறைத்தேன், அந்தப் போனை முழுதாக அழித்துப் பழையபடி ஆக்கினால்தான் சரி. சொல்லி முடித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தும் விட்டேன்.

துரை மாமாவைக் கூப்பிட்டார். மாமா உள்ளே வந்து, என்னைப் பார்த்து, "மழை பட்டுருச்சு துரை" என்று ஆரம்பித்தார். "நான் சொல்லிட்டேன் மாமா, போனை முழுசா அழிச்சாத்தான் சரி" என்றேன். அவர் சலித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தார். ஐந்து எச்சரிக்கையில் மூன்றின் பக்கத்தில் பென்சில் கோடு இருந்தது.

"இந்தப் பிள்ளை சொல்லித்தான் செஞ்சிச்சு துரை. சார்ஜ் ஏறலன்னு ஈப்போ போனேன், வாரண்டி இல்லன்னுட்டான். ஒன்னு. பேங்க் தொறக்கல. ரெண்டு. அப்டேட் அமுக்கினேன், நின்னுருச்சு. மூணு. அழிக்கணும்னு இப்ப இந்தப் பிள்ளையே சொல்லுது, நாலு. அஞ்சாவது நேத்துக் காலைல பெரட்டுல இது மூஞ்சியப் பாத்தேன். அதுவும் நடந்துருச்சு." மேசையிலிருந்த பென்சிலை எடுத்து மீதி இரண்டு கோட்டையும் போட்டார். "சொன்னது அஞ்சும் நடந்துருச்சு துரை. இந்த ஆபீஸ்ல இருந்து வந்த தாள்ல சொன்னபடி எது நடந்திருக்கு, சொல்லுங்க?"

துரை தாளை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார். ஐந்தாவதில் சிரித்துவிட்டார். மாமாவின் போனை அன்றைக்கே என் கையாலேயே அழிக்கச் சொன்னார். பந்து விளையாட்டும் கடையும் மூன்று வானிலையும் திரும்பி வந்தன. பிறகு துரை தன் போனை மேசையிலிருந்து எடுத்து உள் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணாம் தேதி வேலைக்கு வந்துருங்க, ஆனா இதத் தொடக் கூடாது."

ஆக, ஊர் போனுக்கெல்லாம் முழு அதிகாரம் வாங்கிக் கொடுத்த நான், இப்போது ஆபீஸ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தினமும் காலையில் கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்கும் கேள்விக்கு, துரையின் உத்தரவு வரும்வரை, "பிறகு" என்பதை அமுக்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.