இலைக்கு இரண்டு வீதம்

போன ஆடி மாதம் கணக்குப் பாடத்தால் என் குடும்பமே பிரியும் நிலைக்கு வந்தது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளை, போர்வெல் வண்டி, வெங்காயக் காடு என்று ஓர் இடத்தில் தங்காமல் திரிந்தேன். மனைவி செல்வியும் மகளும் கூடவே அலைந்தார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு மில்லில் காவலாளி வேலை கிடைப்பதாக இருந்தது. குடியிருக்க வீடும் தருவார்கள். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும் வேண்டும். தனித்தேர்வு எழுதினேன். கணக்கில் தோற்றேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் தோற்றேன்.

“இனிமே எம்புள்ள பள்ளிக்கூடம் மாற மாட்டா. இந்தவாட்டியும் போச்சுன்னா நாங்க எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம்” என்றாள் செல்வி. கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

வாய்ப்பாடு எனக்குத் தெரியும். கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால்தான் தடுமாறுவேன். ‘மொத்தம்’ என்று கண்டால் கூட்டிவிடுவேன். வரிசைக்கு 24 தென்னங்கன்று வீதம் 15 வரிசை, மொத்தம் எத்தனை? முப்பத்தொன்பது என்று எழுதினேன்.

“பதினஞ்சு வரிசைக்கும் சேத்தே முப்பத்தொம்பதா? அது தோப்பா, மொட்டத் தலையா?” என்றாள் செல்வி. சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். “தாயே, எனக்கு வேற போக்கு இல்ல” என்பதற்கு மேல் வேண்டத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகவும் மனமில்லை. அன்னதானப் பந்தியில் பரிமாற ஆள் போதாமல் சமையல்காரர் கூப்பிட்டார்.

“எலைக்கு ரெண்டு வட வீதம் வையி அப்பு. நாப்பது எலை. எண்ணி எடுத்துக்க.”

எண்பது வடை எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. நாற்பதையும் இரண்டையும் நான் கூட்டவில்லையே! இலைக்கு, வரிசைக்கு, ஒவ்வொன்றுக்கும் இத்தனை வீதம் என்றால் பெருக்கல் அல்லவா! கையிலிருந்த வடையைப் பார்த்தபடியே நின்றேன்.

“ஏலே, வடையையா கும்புடுற? பந்தி காஞ்சு கெடக்கு!” என்று கத்தினார் அவர். அழுதுகொண்டே பரிமாறினேன்.

தேர்வில் ‘வீதம்’ வந்தது. ‘ஒவ்வொரு’ வந்தது. ‘தலா’ என்பதும் வந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் மனதில் இலை போட்டுப் பார்த்தேன். தேறிவிட்டேன்.

இப்போது மில் வீட்டில் இருக்கிறோம். மகள் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். கால் இன்னமும் ஊர் சுற்றத் துடிக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அது என்னைக் கோயிலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

வழி தெரியாமல் தவிக்கிறவர்களே, மாரியம்மனிடம் சொல்லுங்கள். சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். செத்த நேரம் இருந்து ஒரு பந்தி பரிமாறிவிட்டுப் போங்கள்.