வெட்ட நினைக்காத நாவல் மரங்கள்

சைமன் முப்பத்திரண்டு வருடம் பீளமேட்டில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். தெர்மாமீட்டர் சொன்னால்தான் எதையும் நம்புவார். மனைவி கரோலின் அப்படியல்ல.

"ஏனுங்க, உலகமே சூடாகிட்டுப் போகுதாமுங்க" என்று செய்தித்தாளை நீட்டுவாள்.

"மே மாசத்துல சுடாம பனியா கொட்டும்?"

அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு நாவல் கன்று நடப் போய்விடுவாள். ஓய்வுக்குப் பிறகு அவிநாசிக்கு அருகே அவர்கள் குடிவந்த ஒன்றரை ஏக்கரில் அப்படி அறுபத்து மூன்று மரங்கள். போன ஆடியில் அவள் இறந்துபோனாள். இந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றி, வேலியோர மரங்கள் காய ஆரம்பித்தன.

அப்போதுதான் அவர் போகும் சர்ச்சில் பழக்கமான டீனா ஒரு படிவத்தோடு வந்தாள். கார்பன் நிறுவனமொன்றில் வேலை. அதில் கையெழுத்துப் போட்டால் நிறுவனமே கிணற்றை ஆழப்படுத்தித் தரும். மரங்கள் காற்றிலிருந்து இழுக்கும் கரியமில வாயுவின் கணக்கை, புகை விடும் வெளிநாட்டு ஆலை ஒன்று தன் பேரில் வாங்கிக்கொள்ளும்.

"அப்ப அங்க புகை நின்னுருமா கண்ணு?"

"நிக்காதுங்க அங்கிள். உங்க மரம் அதைச் சரிக்கட்டிரும்."

"இத்தனை நாளும் மரம் சும்மாவா நின்னுட்டிருந்துச்சு?"

"எங்க மேனேஜரே இத்தனை கேள்வி கேக்க மாட்டாருங்க!"

படிவத்தில் ஒரு வரியில் அவர் பேனா நின்றது: 'இத்திட்டம் இல்லாவிட்டால் இம்மரங்களை வெட்டியிருப்பேன்.'

"நான் வெட்டறதாவே இல்லையே, கண்ணு."

"சும்மா எழுத்துக்குத்தானுங்க. வெட்ட இருந்ததை நிறுத்துனாத்தான் சேத்துவாங்க. எப்படியும் நிக்கிற மரத்தை ஆரு வாங்குவாங்க?"

சைமன் எழுந்துபோய், கிளையில் தொங்கவிட்டிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். வாசலில் மாட்டியிருந்ததைவிட நான்கு டிகிரி குறைவு. நிழல் நிஜம். அதை வைத்து உலகம் சூடாகிறதென்று சொல்லிவிட முடியுமா? அவள் நம்பியது உண்மையென்றால், உலகத்தைக் காப்பாற்ற வந்த காகிதம் ஏன் பொய் கேட்கிறது? காகிதம் பொய்யென்றால் அவள் நம்பியதும் பொய்யா? தண்ணீர் இல்லாமல் ஆடி வரை எத்தனை மரம் தாங்கும்? கேட்க வேண்டியவள் இல்லை.

திரும்பி வந்து அந்த வரியை அடித்தார். மேலே 'வெட்டியிருக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க அங்கிள்."

"தெரியுது கண்ணு. இருந்தாலும் கொண்டுபோய்க் குடு."

அவள் வண்டி மறைந்ததும், குளித்த தண்ணீரை இரண்டு வாளிகளில் தூக்கிக்கொண்டு வேலியோரம் நடந்தார். அது போதாது. அதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இல்லை.