குங்குமம் வைத்த ஐ.சி.

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு சந்தில், நானும் என் தோழியும் வாடகைக்கு ஷெட் பிடித்துச் சொந்தத் தொழில் தொடங்கிய முதல் வருடம் அது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் நடந்ததை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அந்தக் காலையில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருவரும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல வருடம் சர்க்யூட் போர்டுகளுக்குச் சால்டரிங் வைத்தவர்கள். நான் சாமல்பட்டிக்காரி. அவள் தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுவாள், கடைத்தெருவில் கன்னடம் பேசுவாள், என்னோடு சண்டை போட மட்டும் தமிழுக்கு வருவாள். அவள் ஊரில் ராகி முற்றும் பருவத்தில் காட்டிலிருந்து யானை இறங்கிவிடும். "அடுத்தவங்க கம்பெனிக்கு ஆயிரம் போர்டு போடறோம், நம்ம ஊருக்கு ஒண்ணு போட மாட்டமா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் யானைப் பெட்டி. வயல் ஓரத்தில் கம்பத்தில் கட்டிவிட வேண்டும். பெரிய உருவம் ஏதாவது குறுக்கே வந்தால் சைரன் அலறும், லைட் மின்னும். யானை திரும்பிப் போகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

முதல் ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தது அவள் ஊரில் இருந்த ஓர் அக்கா. அக்கம்பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்து, எல்லோருக்கும் பெட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த அக்காவின் கணவர் முந்தின வருடம் யானைக்குப் பயந்து ஓடி, பள்ளத்தில் விழுந்து, காலில் பிளேட் வைத்தவர். இனி ஓட முடியாது. ஆனாலும் காவலுக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மனிதர்.

"பொட்டி வந்துருச்சுன்னா அவரு ஊட்டுல படுப்பாரு. அதுக்குத்தாம்மா வாங்கறேன். ராகி போனா போவுது, உடு" என்றார் அக்கா. அந்த வார்த்தையைக் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. அதன் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பெட்டிக்குள் முக்கியமான சாமான் ஒன்று உண்டு. சைரனுக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ஐ.சி. என்கிற சில்லு. விரல் நகம் அளவுதான் இருக்கும், கறுப்பாக. அதைப் பெரிய டீலரிடம் கேட்டால் விலையும் சொன்னார்கள், காத்திருக்கவும் சொன்னார்கள். நான் சும்மா இருப்பேனா? புடவை எடுத்தாலும் புளி வாங்கினாலும் விலையைக் குறைக்காமல் கடையை விட்டு இறங்கியதில்லை என்று பீற்றிக்கொள்கிறவள் நான். செல்போனில் தேடி, பாதி விலைக்கும் கீழே ஆன்லைனில் பிடித்துவிட்டேன். பளபளவென்று படம், வரிசையாக நட்சத்திரங்கள், 'ஒரிஜினல், ஒரிஜினல், ஒரிஜினல்' என்று மூன்று தடவை போட்டிருந்தார்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவன் எதற்காக மூன்று தடவை சத்தியம் செய்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்சல் வந்த அன்று தோழியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன், போட்டிருந்தது சுடிதாராக இருந்தாலும்.

பெட்டிகள் தயாராயின. ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்தோம். ஆனால் முழுசாக ஓட்ட விடவில்லை எங்கள் எதிர் ஷெட்காரர். அவர் கன்னடக்காரர், எங்கள் வயதுதான், போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்கிறவர். சைரன் ஒரு தடவை கூவினால் போதும், வெளியே வந்து நின்றுகொள்வார். "மேடம், பேடா மேடம், வேண்டாம்! போன்ல கஸ்டமர் பேசறது கேக்கல. நான் என்ன யானையா, என்னை விரட்டறீங்க?" என்பார். தோழி சும்மா இருப்பவளா? அவள் கன்னடத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். அதிலிருந்து இரண்டு ஷெட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாங்களும் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு கூவல் கூவ விட்டு, 'ஓகே' என்று மூடிவிட்டோம்.

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் ஆயுத பூஜை என்றால் லேத் மெஷினிலிருந்து வாட்ச்மேனின் டார்ச் லைட் வரைக்கும் பொட்டு உண்டு. எங்களுக்கோ முதல் பூஜை. தோழிக்குத் தலைகால் புரியவில்லை. சால்டரிங் அயர்னுக்கு வைத்தாள், மீட்டருக்கு வைத்தாள், பூதக்கண்ணாடிக்கு வைத்தாள். அதோடு விட்டாளா? டிரேயில் மீதமிருந்த ஐ.சி.க்கள் ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் தொட்டு, குங்குமம் குழைத்து, அழகாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோதுதான் எங்கள் இருவருக்கும் லைன் புத்தி வந்தது. கம்பெனியில் ஒரு தலைமுடி விழுந்தாலே கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். இங்கே ஐ.சி.யின் மேல் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. தண்ணீரில் துடைத்தால் கறை போகவில்லை. தோழி பெயின்ட் கரைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏய், இங்க வாயேன்" என்றாள். குரலே சரியில்லை.

பஞ்சு சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்? கறுப்பாக இருந்தது. ஐ.சி.யின் மேல் இருந்த கம்பெனி பெயர், நம்பர் எல்லாம் பஞ்சோடு வந்துவிட்டன. அடியில் சுரண்டிய கோடுகளும், மங்கலாக வேறு ஒரு நம்பரும் தெரிந்தன. முதலில் நான் அவளைத்தான் திட்டினேன், அழுத்தித் துடைத்துவிட்டாய் என்று. அவள் பழைய ஒரிஜினல் போர்டு ஒன்றை எடுத்து அதன் ஐ.சி.யை அதே தின்னரால் தேய்த்தாள். எழுத்து அசையவில்லை. எங்களுக்கு வந்திருந்தவை ஏதோ உதவாக்கரை ஐ.சி.க்கள். மேலே கறுப்புச் சாயம் அடித்து, பெரிய கம்பெனியின் பெயரை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

முடித்து வைத்திருந்த பெட்டி ஒன்றை எடுத்து, கதவைச் சாத்தி, பழைய மெத்தையால் சுற்றி, முதல் தடவையாகச் சைரனை நிறுத்தாமல் ஓடவிட்டோம். கொஞ்ச நேரம் நன்றாகக் கூவியது. பிறகு சத்தம் இழுத்தது. அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டது. திறந்தால் தீய்ந்த வாடை. ஐ.சி. உப்பி வெடித்திருந்தது.

இந்தப் பெட்டி வயலில் கெட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. சத்தம் வரவில்லை, அதனால் யானை வரவில்லை என்று நம்பி, அந்த மனிதர் காலை விந்திக்கொண்டு விடியற்காலையில் ராகிக்குள் போவார். உள்ளே யானை நின்றுகொண்டிருக்கும். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை, உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டீலரைக் கூப்பிட்டால், சரக்கு வரப் பல வாரம் ஆகும் என்றார்கள். அக்காவுக்குப் போன் போட்டுத் தாமதமாகும் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "பக்கத்து ஊருல நேத்தே எறங்கிருச்சாம்மா. இவரு இப்பவே கம்பளியை எடுத்து வெச்சுக்கினாரு. சீக்கிரம் பாரு தாயீ" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் எதிர் ஷெட் நினைவுக்கு வந்தது. அவருடைய ஸ்டார்ட்டரிலும் இதே ஐ.சி.தான். அவரும் ஆன்லைனில் வாங்கியிருந்தால்? ஈரக் காலோடு மோட்டார் போடுகிற இடம் அது.

"அந்தாளுக்குப் போய்ச் சொல்லப் போறியா? நம்ம மானம்தான் போவும். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்" என்றாள் தோழி. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு தின்னர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவர் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. "என்ன மேடம், என் மாலு டூப்ளிகேட்டா?" என்று பாட்டிலைப் பிடுங்கி, ஒரு ஐ.சி.யைத் தரதரவென்று தேய்த்தார். எழுத்து நின்றது. இன்னொன்றைத் தேய்த்தார். அதுவும் நின்றது. நாலைந்து தேய்த்த பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டு, சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

"நல்லவேளை, உங்களோடது ஒரிஜினல்தான். நான் வரேன்" என்று திரும்பினேன்.

"நில்லுங்க மேடம். உங்க யானைக்கு என்ன பண்ணப் போறீங்க?"

டீலரிடமிருந்து சரக்கு வரப் பல வாரம் ஆகுமாம் என்றேன். அவர் அலமாரியைத் திறந்து, சீல் பிரிக்காத ஒரு ஐ.சி. ரீலை எடுத்து என் முன்னால் வைத்தார். அதன் மேல் 'தீபாவளி ஆர்டர்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"உங்க வேலை நிக்குமே" என்றேன்.

"மோட்டார் நாலு நாள் தாமதமா ஓடட்டும், பர்வாகில்லா. யானை தாமதமா வராது. உங்களுக்கு வரும்போது திருப்பிக் கொடுங்க." அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் உங்ககிட்ட எவ்வளவு கத்தியிருக்கேன்! இருந்தும் வந்து சொன்னீங்களே. அதுக்கு நான் இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றார். அன்றைக்குத்தான் நான் அவரை முதல் தடவையாக 'அண்ணா' என்று கூப்பிட்டேன்.

பழைய ஐ.சி.க்களை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை வைத்தோம். லைனில்கூட நாங்கள் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணாவே வந்து, "இன்னைக்கு முழுசா ஓட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து அலறின. தெரு நாய்கள் அன்று ஊரைக் காலி செய்தன. கம்பெனியில் தீப்பிடித்துவிட்டது என்று டீக்கடைக்காரர் வாளியோடு ஓடி வந்தார். யார் திட்ட வந்தாலும், "யானைக்கு ரிகர்சல்!" என்று அண்ணா கத்தினார். கடைசி வரை ஒரு பெட்டிகூட நிற்கவில்லை. தோழியும் நானும் கைகோத்துக்கொண்டு நடுத்தெருவில் குதித்தோம்.

எனக்கு விற்ற அந்த ஆன்லைன் கடையைப் பற்றிக் கேட்காதீர்கள். புகார் எழுதிய கொஞ்ச நாளில் அந்த வலைப்பக்கமே காணாமல் போனது. இப்போது நாங்கள் பில் தருகிற டீலரிடம்தான் வாங்குகிறோம். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஒவ்வொரு பார்சலிலும் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்து, சூடேற ஓட்டிப் பார்த்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும்.

பெட்டிகளைக் கொண்டுபோய் வயல்களில் கட்டிவிட்டு வந்தோம். ஒரு நாள் காலையில் பஸ் ஏறப் போகும் நேரத்தில் அக்காவின் போன். பஸ்ஸை விட்டுவிட்டு எடுத்தேன்.

"ராத்திரி வந்துருச்சும்மா! ரெண்டு பெருசு, ஒரு குட்டி. உன் பொட்டி கத்தன கத்துல அப்பிடியே காட்டுப் பக்கம் திரும்பிருச்சுங்க."

"அவரு எங்கக்கா?" என்றேன். அது ஒன்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அவரா? ஊட்டுலதான் படுத்திருந்தாரு. இப்ப உக்காந்து களி துன்னுக்கினு கீறாரு. இந்தா, பேசு."

போனை வாங்கிய அவர், வாயில் களியோடு, "ஏம்மா, சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்க முடியுமா? எங்க எருமை ஒரு சொட்டுப் பால் குடுக்கல!" என்றார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க நான் சத்தமாகச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்றிலிருந்து எவ்வளவு சின்ன சாமானைக் கையில் எடுத்தாலும், அதன் விலை எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது. அதை நம்பி யாரோ ஒருவர் வீட்டில் கண்ணை மூடப் போகிறார் என்பதுதான் முதலில் தோன்றுகிறது.