மல்லாந்த கரப்பான்

என் ஓவிய வகுப்பில் பெரியவர்களுக்கு இடமில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டோமா, போனோமா என்று இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை உடைத்தவர் மருந்துக்காரர். வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்தடிப்பவர். டப்பாவைச் சுமந்து சுமந்து ஒரு தோள் இறங்கிப்போயிருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் மருந்து வாடை அவருக்கு முன்னால் உள்ளே வரும்.

"நானும் உட்காந்துக்கவா டீச்சர், பாப்பா பக்கத்துல?" என்றார்.

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். முடியாது என்று வாயெடுப்பதற்குள் அவர் கதையைச் சொல்லிவிட்டார். மனைவி இறந்தபின் மகள் சித்தி வீட்டில் வளர்கிறாள். விடுமுறைக்கு அப்பாவிடம் வந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்தால் எங்கே இருப்பது என்பதை அவளே சொல்லட்டும் என்று சித்தி விட்டுவிட்டாளாம். அவளோ இன்னும் வாயே திறக்கவில்லை.

பாப்பாவுக்குப் பூச்சி என்றால் உயிர். தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்ப்பவள். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று முன்பு ஒருநாள் கேட்டிருந்தேன். "பூச்சியக் கொல்றாரு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

இப்படிப்பட்ட இருவர் வந்து உட்கார்ந்த அன்று பாடம் என்ன தெரியுமா? பூச்சி. வேறு நாளே கிடைக்கவில்லையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் அவருக்கு ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

காகிதத்தை நெடுக்கில் மடித்து, மடிப்பை ஒட்டிப் பூச்சியின் பாதியைப் பென்சிலால் அழுத்தி வரைய வேண்டும். திரும்ப மடித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் மறுபாதி மங்கலாக விழும். பிறகு கறுப்புப் பேனாவால் உடம்பு முழுக்கக் கிறுக்கல்: வட்டம், வலை, சுருள், செதில். இடது பக்கம் போட்டது வலது பக்கமும் வர வேண்டும்.

மருந்துக்காரர் கை தூக்கினார்.

"டீச்சர், பூச்சிக்கு எதுக்குக் கட்டமும் வட்டமும்?"

"அழகுக்குங்க."

"யார் பாக்கிறதுக்கு?"

"உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பூச்சியா வரைங்க" என்று பேச்சை மாற்றினேன். வினை அங்கேதான் வந்தது.

நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார், தேய்த்தார், விரித்தார். கரப்பான்தான். ஆனால் வயிற்று வளையம் எல்லாம் தெரிய, கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

"அங்கிள், இது செத்துப்போச்சு" என்றது பின்வரிசை. வகுப்பே சிரித்தது.

அவர் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் செத்துத்தான் கிடந்தது. "கரப்பான் இப்படித்தானே இருக்கும்?" என்றார் என்னிடம். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கும்போது அது ஓடும், இவர் துரத்துவார். நிதானமாகப் பார்த்ததெல்லாம் மருந்தடித்துக் கூட்டி அள்ளும்போதுதான். அதன் முதுகு எப்படி இருக்கும் என்று மனிதருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இறக்கையே தெரியாத பூச்சியில் எதைக் கிறுக்கச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பாப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாளா, எழுந்து போகப்போகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. பயமாக இருந்தது.

"கிழிச்சிடவா பாப்பா?" என்றார் அவர்.

அவள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். படத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்து அழுத்தினாள். வெயிலில் கரப்பானின் உருவம் பின்பக்கம் தெரிந்தது. அதன் மேலேயே கோடிழுத்தாள். கால்களை வெளியே நீட்டிவிட்டாள், இறக்கையை விரித்தாள்.

"இதான்ப்பா முதுகு."

"இடது வலது மாறிப்போகாதா?"

"மாறினா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே. நான் இந்த இறக்கை, நீ அந்த இறக்கை."

அவள் வட்டம் போட்டால் அவர் வட்டம் போட்டார். அவருடையது முட்டையாக வந்தது. "இது வலையா, செதிலா?" என்று நூறு சந்தேகம் கேட்டார். அவள் சலிக்காமல் சொன்னாள். ஒரு நாற்காலி தூரம் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

கடைசியில் படங்களைச் சுவரில் ஒட்டும்போது குழம்பிப்போனேன். அந்தக் கரப்பானின் எந்தப் பக்கத்தை ஒட்டினாலும் இன்னொரு பக்கம் போய்விடுமே.

"செவுத்துல வேணாம் டீச்சர். நூல் கட்டி ஜன்னல்ல தொங்கவிட்டா ரெண்டும் தெரியும்" என்றாள் பாப்பா.

"எந்த ஜன்னல்ல?" என்றார் மருந்துக்காரர். குரல் அடங்கிப்போயிருந்தது.

"சித்தி வீட்டு ஜன்னல்ல கொசுவலை அடிச்சிருக்கு. நம்ம வீட்டு ஜன்னல்லதான்."

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப நீ?"

அவள் பேனாவுக்கு மூடி போட்டாள்.

"நானும் அங்கதான். நீ மட்டும் இருந்தா செத்த பக்கத்தையே பாத்துக்கிட்டு இருப்ப."

நூல் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.