ஹால் நடுவே ஒரு தறிக்குழி

போன வாரம் எனக்கு மாரடைப்பு வராததே பெரிய விஷயம்.

ஆபீஸ் வேலையாக மாகறல் பக்கம் மூன்று நாள் கேம்ப். திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கிறேன்... ஹாலில், ஜன்னலை ஒட்டி, சதுரமாக ஒரு பள்ளம். ஒரு ஆள் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுகிற ஆழம். பெரிய காஞ்சிபுரத்தில் குடியிருப்பவனுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டுமா? நெசவுத் தறி போடுகிற தறிக்குழி!

நானோ தாலுகா ஆபீஸ் கிளார்க். எனக்கு எதற்குத் தறிக்குழி? காதர் பாய் மேஸ்திரியிடம் நான் சொன்னது ஒரே வேலை — மண் தரையை எடுத்துவிட்டு சிமெண்ட் தரை. அந்த சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க நான் நாயாக அலைந்தது எனக்குத்தான் தெரியும். ஜன்னலோரம் போட சோபா செட்டுக்கு வேறு ஆர்டர் கொடுத்திருந்தேன்.

"யாரைக் கேட்டு இத வெட்டினீங்க பாய்?"

பாய் பூச்சுக் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூடுங்க."

"நா மூட மாட்டேன் சார். வேற ஆள வெச்சி மூடிக்குங்க."

ஆடிப்போய்விட்டேன். வீட்டுக்காரன் நானா, இவரா? தொண்டை வலிக்கிற மட்டும் கத்தினேன். அப்புறம் ஆபீஸ் புத்தி வேலை செய்தது. வெள்ளைத்தாள் எடுத்து, செய்ய வேண்டிய வேலைகளை நம்பர் போட்டு எழுதினேன். மூன்றாவது — 'ஜன்னலோரக் குழியை மூடி மட்டம் செய்து தருவது.' ஒத்துக்கொண்டால் வேலை, இல்லாவிட்டால் கிளம்பலாம் என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். அம்மாவ படிக்கச் சொல்லுங்க" என்றார் பாய்.

அடுப்படியிலிருந்து என் மனைவி சரோஜா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதல் இரண்டையும் கடகடவென்று படித்தாள். மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"இத நான் ஒத்துக்கலைங்க."

"நீ எதுக்கு ஒத்துக்கணும்?"

"நான்தான் வெட்டச் சொன்னேன். நீங்க வந்ததும் நானே சொல்லிக்கறேன்னு பாய்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிட்டீங்க."

சரோஜா நெசவுக்காரர் வீட்டுப் பெண். கல்யாணம் ஆகிற வரைக்கும் தறியில் உட்கார்ந்து பட்டுப் புடவை நெய்தவள். எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அதெல்லாம் முடிந்துபோன கதை என்று முடிவு கட்டியது யார்? நான்தான். அவளை ஒரு வார்த்தை கேட்டேனா?

"எங்க அண்ணன் தறி தரேன்னு சொல்லிக்கினேதான் இருக்குது. பதினாறு வருஷமா, உங்க வீட்டுல அத எங்க போடறதுன்னுதான் தெரியல."

குரலை உயர்த்தவே இல்லை அவள். 'உங்க வீட்டுல' என்றாள் பாருங்கள்... இத்தனை வருஷமும் இவள் இங்கே குடித்தனம் நடத்தினாளா, விருந்தாளியாக இருந்தாளா?

மூன்றாவது வரியை அடித்துவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினேன். 'குழியைச் சுற்றி சிமெண்ட் பூசித் தருவது' என்று எழுதினாள். பாய் கைநாட்டு வைத்தார். சாயங்காலமே கடைக்குப் போய், சோபா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டு வேலை ஆரம்பிக்கப் போகிறீர்களா? மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் பதினாறு வருஷம் லேட்.