எந்தப் பக்கம் தாண்டினார்

போன மாதம் மகள் என்னைக் கேரளக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனாள். கட்டிலில் சாய்ந்து கடலைப் பார்ப்பதும், விடிந்தால் 'நேச்சர் வாக்' போவதும்தான் அங்கே வேலை. சும்மா இருப்பதற்கு எவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது பாருங்கள். தொப்பி போட்ட தம்பி ஒருவன் முன்னால் நடந்து மரம் மரமாகக் காட்டினான். ஒரு தென்னையடியில் நின்று, "அம்மா, இது தெங்கு" என்றான்.

"அப்படிங்களா கண்ணு? நாங்க பொள்ளாச்சிப் பக்கமுங்க. ஒண்ணு ரெண்டு பாத்திருக்கறேன்" என்றேன். மகள் கையைக் கிள்ளினாள்.

கொஞ்சம் நடந்ததும் உப்பும் சேறும் கலந்த வாடை வந்தது. மூக்குக்கு மட்டும் வயதாவதில்லை போல. எனக்கு அது மாமியார் வாடை. தப்பாக நினைக்காதீர்கள், அத்தை தினம் இரண்டு தரம் குளிக்கிற மனுஷி. அவரை அந்த வாடைக்குள் ஒரு மத்தியானம் முழுக்க உட்காரவைத்த கதை இது.

கல்யாணமான புதிது. கடல் பார்க்க வேண்டும் என்று நான் வாய் திறந்து கேட்கிற காலமில்லை. அந்த வீட்டில் அத்தை சொல்வதுதான் சொல். என் வீட்டுக்காரரோ, எனக்குத் தெரிந்தவரை அம்மா பிள்ளை. அத்தைக்குக் குருவாயூருக்கு ஒரு வேண்டுதல் இருந்ததால் எனக்கும் கடல் கிடைத்தது. சாமி கும்பிட்டுவிட்டுப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனோம்.

நாங்கள் போன இடத்தில் ஒரு சின்ன ஆறு கடலில் சேரவேண்டும். ஆனால் கடல் மணலைத் தள்ளி வாயை அடைத்து வைத்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் குளம் மாதிரி தேங்கி நின்றது. நான் கட்டுச்சோற்று மூட்டையோடு அந்த மணல்மேட்டில் ஒருபுறம் உட்கார்ந்தேன். அத்தை என்னோடு உட்காராமல் தள்ளி அந்தப் பக்கம் போய், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கடலுக்கு அப்படி ஒரு மரியாதை.

என் வீட்டுக்காரர் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். முறை வந்தால் மம்மட்டியும் கையுமாகத் திரிகிற ஆள்.

"இத்தன தண்ணி சும்மா நிக்குதே!" என்றார். கீழே கிடந்த தென்னை மட்டையை எடுத்தார். எனக்கும் அத்தைக்கும் நடுவில் மணலைக் கீறி, அழகாக ஒரு மடை வெட்டிவிட்டார். கை அரிப்பு, வேறென்ன சொல்ல?

முதலில் விரல் அகலத்துக்கு ஓடியது. அவர் இரண்டு பக்கமும் காலை வைத்து, நாற்றுக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி ரசித்துக்கொண்டு நின்றார். மணல் பொலபொலவென்று சரிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முழங்கால் ஆழம். அவருடைய கால்கள் விலகிக்கொண்டே போயின. வேட்டி வேறு.

அத்தை எழுந்து மகனைக் கூப்பிட்டார். "சாமி, இந்தப் பக்கம் தாண்டு! அவ கெடக்கறா!"

அதுவரை மாமியார் முன்னால் புருஷனிடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசியறியாதவள் நான். அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "ஏனுங்க, இங்க வாங்க!"

ஒரே ஒரு தடவை என் பக்கம் வந்தால் போதும் என்றிருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் எகிறி என் பக்கம் விழுந்தார். பின்னாலேயே ஆறு மொத்தமும் பாய்ந்தது.

அத்தை அந்தக் கரையில் தனியாக நின்றார். சத்தம் கேட்டு மீன்காரர்கள் ஓடிவந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறதென்று மறுநாள் அவர்களே வெட்ட இருந்தார்களாம், சிரித்தார்கள். வேகம் அடங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் அத்தையை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதிலும் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வந்தார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி ஆறுவதற்குள், "பொண்டாட்டி பக்கம் குதிச்சவனுங்க இவன்" என்று சொல்லிவிடுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்து சிரிப்பேன்.

வெகுகாலம் கழித்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நெசத்தச் சொல்லுங்க. எனக்காகத் தாண்டுனீங்களா, சோத்து மூட்டைக்காகவா?"

"நீ இருந்த கரைதான் மேடா இருந்துச்சு, அம்மணி" என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை என்ன செய்வாள்? மேடு என்று நான் நம்பவில்லை. நம்பவும் மாட்டேன்.

தொப்பித் தம்பி கூட்டிப்போய் நிறுத்தியது அதே மாதிரி ஓர் ஆற்றின் வாய். அதே இடம்தானா, தெரியவில்லை. இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிக் கட்டிவிட்டார்கள். மணல்மேடு இல்லை, வள்ளம் இல்லை, தண்ணீர் தேங்கி நிற்பதும் இல்லை. இனி யாரும் மட்டையால் கீற முடியாது. அத்தை போய் வெகுகாலமாயிற்று. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். கடைசியில் அம்மா பக்கமே தாண்டிவிட்டார் மனுஷன்.

தாண்டட்டும். அந்தக் கரை மேடா பள்ளமா என்று நானும் ஒருநாள் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். அவசரமில்லை. சோற்று மூட்டை இன்னும் என் பக்கம்தான் இருக்கிறது.