மூலைச் சுவரின் பரிசு

என் அக்கா புருஷன் கல்லூரி அருங்காட்சியகத்தில் காவலாளி. கோடை ஓவியக் கண்காட்சி வந்துவிட்டால் மச்சானுக்கு இன்னொரு வேலையும் சேரும். எந்தப் படத்தின் முன்னால் ஜனங்கள் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அதிக நேரம் நிற்க வைத்த படத்துக்குப் பரிசு.

மூன்று வருடமாகப் பரிசு மூலைச் சுவரில் மாட்டிய படத்துக்கே போனது. முதலில் ஒரு குதிரை, அப்புறம் வெறும் கோடுகள், போன வருடம் யாருடையதோ ஒரு முழங்கால். மச்சான் மனசு கேட்காமல் கண்காட்சிப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னார்.

"சார், அந்தச் சுவர்லதான் ஏசி இருக்கு. வெயில்ல வர்றவங்க காத்து வாங்க நிக்கிறாங்க."

"உனக்குக் கலை புரியாதுப்பா. சொன்னதை மட்டும் செய்."

வீட்டில் இதைக் கேட்ட அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

இந்த வருடம் ஏசியைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். அங்கே படம் எதுவும் இல்லை, தீயணைப்புக் கருவியை இயக்கும் முறை எழுதிய பலகைதான் இருந்தது. மச்சானா விடுவார்? முதல் வார அறிக்கையில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்: முதலிடம், தீயணைப்புப் பலகை, சராசரி பதினொரு நிமிடம்.

பொறுப்பாளர் தாளை இரண்டு தரம் படித்தார். ஏசியை அண்ணாந்து பார்த்தார்.

மறுநாள் காலை பலகையைக் காணோம். அதே ஆணியில் பொறுப்பாளரின் மனைவி வரைந்த பூச்சாடி தொங்கியது.

"நிமிஷத்தைக் கவனமா குறிச்சுக்கோப்பா," என்றார் பொறுப்பாளர். "மக்களோட ரசனை. அதுல தப்பு வரக்கூடாது."